நிலைக்காத கள்ளும் நிலைத்த சாராயமும்: முந்தல் கரையோரத்தில் தென்னஞ்சாற்றின் வரலாறு

திராட்சை மதுவின் வரலாறு பெரும்பாலும் குடும்பங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து அந்தினோரி குடும்பம் 1385ஆம் ஆண்டு முதல் 26 தலைமுறைகளாக அத்தொழிலில் இருந்து வருகிறது. பிரான்சின் போர்தோ வட்டாரத்துத் தோட்டங்களுக்கு 1855இல் வகுக்கப்பட்ட தரவரிசை பெரிய மாற்றமின்றி இன்றும் வழங்குகிறது. இத்தகைய பெயரும் தொடர்ச்சியும் அமைவதற்கு அந்த மதுவின் இயல்பே முதற் காரணம். கருந்திராட்சையைத் தோலுடன் சேர்த்துப் புளிக்கவிடும்போது தோலின் நிறமும் தனின் எனப்படும் துவர்ப்புப் பொருளும் சாற்றில் இறங்குகின்றன. மதுவம் எனப்படும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை ஏறத்தாழ முழுவதும் தின்று மதுசாரமாக மாற்றிவிட்டால், இனிப்பு எஞ்சாத செம்மது கிடைக்கிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்கு வரையிலான மதுசாரமும், பழத்தின் புளிப்பும், தனினும் சேர்ந்து அதனைக் கெடாமல் காப்பதால், அது மிடாவிலும் போத்தலிலும் பல ஆண்டுகள் கிடந்து பக்குவப்படக்கூடியது. கெடாத பொருளில் ஆக்கியவரின் பெயரையும் ஆக்கிய ஆண்டையும் பொறிக்கலாம். தாத்தா நிரப்பிய மிடாவைப் பேரன் திறக்கலாம்.

இலங்கையின் வடமேற்குக் கரையில், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே அமைந்த முந்தலிலும் அதனைச் சூழ்ந்த தென்னந்தோப்புகளிலும் இதே மதுவம் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இங்கு அது செயற்படும் சாறு விடியலில் இனிப்பாகவும், நண்பகலில் கள்ளாகவும், மறுநாள் புளித்த நீராகவும் மாறிவிடுவது. ஒரு நாளுக்குமேல் நிலைக்காத பொருளை ஆக்கியவரின் பெயர் அந்தப் பொருளோடு சேர்ந்தே மறைந்துபோயிற்று. அதே பொருளைக் காய்ச்சி வடித்து நிலைக்கச் செய்தவருக்கும், அதன் விற்பனை உரிமையை ஏலத்தில் எடுத்தவருக்கும், அதன்மேல் வரி விதித்தவருக்குமே பெயரும் பொருளும் சேர்ந்தன. இக்கரையோரத்தின் தென்னஞ்சாற்று வரலாறு முழுவதையும் இந்த ஓர் உண்மையிலிருந்து விளங்கிக்கொள்ள முடியும்.

முந்தலின் இருப்பிடம் முதலில் கருதத்தக்கது. கொழும்பு, குருநாகல், சிலாபம் ஆகிய மூன்று முனைகளுக்குள் அடங்கும் நிலப்பரப்பு 'தென்னை முக்கோணம்' என்று வழங்கப்படுகிறது. அந்த முக்கோணத்தின் வடவிளிம்பை ஒட்டி, மழை மிகுந்த தென்மேற்கு நிலம் படிப்படியாக வறண்ட நிலமாக மாறும் இடத்தில், தன் பெயராலேயே வழங்கும் கடலேரியின் ஓரமாக முந்தல் அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே தென்னை அடர்ந்து நிற்க, வடக்கே கற்பிட்டித் தீபகற்பத்தை நோக்கிச் செல்லச் செல்லப் பனையும் முட்புதரும் உப்பு வெளிகளும் மிகுகின்றன. முந்தல் கடலேரியை வடக்கே புத்தளம் கடலேரியோடும் தெற்கே சிலாபத்தோடும் இணைக்கும் நீர்வழி இன்றும் ஒல்லாந்தர் கால்வாய் என்றே அழைக்கப்படுகிறது. தெற்கு நோக்கி அது நீர்கொழும்பு வழியாகக் கொழும்பின் அருகுவரை தொடர்கிறது. உடப்பு, ஆண்டிமுனை போன்ற தமிழ் இந்துக் கடற்றொழில் ஊர்களும், முஸ்லிம் ஊர்களும், சிங்களக் கத்தோலிக்க, பௌத்த ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த கரை இது. எனவே ஒரே மரத்தின் சாறு இங்கே பல வடிவங்களில் பல சமூகத்தாரின் வீட்டுக்குள் நுழைந்தது. மதுவை விலக்கிய வீட்டிலும் பாணியும் கருப்பட்டியும் விலக்கப்படவில்லை. அப்பத்துக்கான மாவைப் பொங்கவைக்கக் கள் சேர்ப்பது கரையோரச் சமையலில் பரவலான வழக்கமாக இருந்தது. மீனுக்கும் அச்சாறுக்கும் வேண்டிய வினாகிரியும் அதே சாற்றிலிருந்தே கிடைத்தது.

சாறு எடுக்கும் முறை நுட்பமானது. விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைக் கூரிய கத்தியால் மெல்லிய சீவலாக அரிந்துவிட்டால், சில நாள்களில் வெட்டுவாயிலிருந்து சாறு சொட்டத் தொடங்கும். அதன் கீழ் முட்டி கட்டப்படும். காலையும் மாலையும் தொழிலாளி மரமேறி, சேர்ந்த சாற்றை இறக்கி, பாளையை மறுபடியும் சீவிவிட்டு இறங்குவார். இதனால்தான் ஈழத்தமிழில் இத்தொழிலுக்குச் 'சீவல் தொழில்' என்றும், அதனைச் செய்பவருக்குச் 'சீவல் தொழிலாளி' என்றும் பெயர் அமைந்தது. தட்டு வன்மையானால் பாளை வெடிக்கும். மென்மையானால் சாறு சுரக்காது. சீவல் தடித்தால் பாளை விரைவில் முடிந்துபோகும். இந்த அளவு எந்த நூலிலும் எழுதப்படாமல், தந்தை மகனுக்குக் கைவழியே கடத்திய அறிவாக இருந்து வந்தது. களுத்துறைப் பக்கத்தில் மரத்துக்கு மரம் இரட்டைத் தும்புக் கயிறுகள் கட்டி, கீழ்க்கயிற்றில் கால் வைத்து மேற்கயிற்றைப் பற்றிக்கொண்டு, தரைக்கு இறங்காமலே தோப்பு முழுவதையும் சுற்றிவரும் முறை வளர்ந்தது. ஒரே காலைப்பொழுதில் பல மரங்களைப் பார்த்து முடிக்க உதவிய அம்முறை, கயிறு அறுந்தால் உயிரையும் வாங்கியது.

நல்ல மரம் ஒன்று நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை சாறு தரும். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்குச் சர்க்கரை உண்டு. பாளையிலும் முட்டியிலும் காற்றிலும் இயல்பாகவே இருக்கும் மதுவங்கள் சாறு சொட்டும்போதே அதில் குடியேறிவிடுவதால், முட்டி கீழே இறங்குமுன் புளிப்பு தொடங்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு மதுசாரம் கொண்ட கள் ஆகிறது. ஆயினும் மதுவத்தோடு பற்றீரியாக்களும் அதே முட்டிக்குள் வாழ்கின்றன. கள்ளில் மதுசாரமும் குறைவு, காக்கும் தனினும் இல்லை. எனவே ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அசற்றிக் அமிலம் சேர்ந்து அது வினாகிரியாகத் திரும்பத் தொடங்குகிறது. மது ஏன் கெடுகிறது என்பதை நுண்ணுயிர்களைக் கொண்டு விளக்கி, மிதமான சூடு காட்டி அதனைக் காக்கலாம் என்று லூயி பாஸ்டர் 1866இல் நூல் வெளியிட்டபோது அவர் ஆராய்ந்தது பிரான்சின் திராட்சை மதுவையே; ஆனால் அவர் விளக்கிய போட்டி மிக விரைவாக நடந்து முடியும் களங்களுள் ஒன்று தென்னை மரத்து முட்டி.

புளிப்பைத் தடுக்கும் வழிகளைச் சீவல் தொழிலாளர் அறிவியலுக்கு வெகுகாலம் முன்பே கண்டிருந்தனர். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் மதுவம் வளராது. அவ்வாறு எடுக்கப்படும் பனஞ்சாறு யாழ்ப்பாணத்தில் கருப்பணி என்றும் தமிழகத்தில் பதநீர் என்றும் வழங்குகிறது. சிங்கள ஊர்களில் ஹல் எனப்படும் மரத்தின் பட்டையை முட்டிக்குள் இடும் வழக்கமும் இருந்தது. புளிக்காத சாற்றைக் காய்ச்சினால் பாணி. மேலும் இறுக்கினால் கருப்பட்டி. இவை கெடாதவை, எனவே பயணம் செய்யக்கூடியவை. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கி, அங்கே யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூத்தா, கரையெங்கும் கறுவாக் கட்டைகள் கிடந்ததைக் குறித்துள்ளார். அவரே தம் பயண நூலின் வேறோர் இடத்தில் தென்னையைப் பற்றி எழுதும்போது, காலையும் மாலையும் மரமேறிப் பாளையின் நுனியை வெட்டிச் சாறு சேர்த்து, அதனைக் காய்ச்சித் தேன் ஆக்கும் முறையை விரிவாக விளக்கி, இந்தியா, ஏமன், சீனா ஆகிய நாடுகளின் வணிகர் அதனை வாங்கிச் சென்று இனிப்புப் பண்டம் செய்வதாகக் கூறுகிறார். கடல் கடந்தது காய்ச்சிய பாகே; பச்சைச் சாறும் கள்ளும் மரத்தைச் சுற்றிய சில கல் தொலைவுக்குள்ளேயே தங்கிவிட்டன.

இதற்கு நேர்மாறாகத் திராட்சை மது தமிழகக் கரையை வெகு முன்னரே எட்டியிருந்தது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் பேசுகிறது. செங்கடல் வணிகத்துக்கான கையேடாகக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் நூல், இந்தியத் துறைமுகங்களில் இறக்கப்பட்ட பொருள்களுள் மதுவையும் சேர்க்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மது கொண்டுவரப்பட்ட இருகைச் சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. மூடி முத்திரையிட்ட சாடிக்குள் மாதக்கணக்கில் கடலில் கிடந்தும் பயன்படும் நிலையில் வந்திறங்கிய அந்த மது அரசவைப் பொருளாயிற்று. உள்ளூர்க் கள்ளோ, அதே சங்கப் பாடல்களில் மிகுதியாகப் பேசப்பட்டும், ஊரோடும் உழைப்போடும் ஒட்டிய பொருளாகவே நின்றது.

புத்தளம், சிலாபக் கரையில் திராட்சை மதுவுக்கு நிலையான தேவை ஒன்று கத்தோலிக்க சமயத்தால் ஏற்பட்டது. திருப்பலிக்குரிய மது திராட்சைக் கனியிலிருந்தே ஆக்கப்பட்டுக் கெடாததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கள் எவ்வளவு கிடைத்தாலும் பீடத்தில் அதற்கு இடமில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கம் வேரூன்றிய இக்கரையில், ஒல்லாந்தர் அதனைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேவ்வாஸ் அடிகள், 1692இல் கண்டியை அடைவதற்கு முன் புத்தளத்தில் தங்கிப் பணியாற்றினார். அவரைப் போன்றோர் மறைவாக நிகழ்த்திய பூசைக்கும் வெளியிலிருந்து வந்த மதுவே வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928இல் தோன்றிய செபமாலைத் தாசர் சபையின் துறவியர் திராட்சை இரசம் ஆக்கும் பணியை மேற்கொண்டனர். தமிழ் நிலத்தில் திராட்சை மதுவுக்கு ஒரு மரபு உண்டானதென்றால் அது குடும்பத்தால் அமையாமல் ஆச்சிரமத்தால் அமைந்தது.

கள்ளுக்கு நிலைபேறு தந்தது வடித்தல் என்னும் தொழில்நுட்பமே. கள்ளைச் செப்புக் கொப்பரையில் இட்டுச் சூடேற்றினால், நீருக்கு முன்பாக மதுசாரம் ஆவியாகி எழும். அந்த ஆவியைக் குழாய் வழியே செலுத்திக் குளிரவைத்தால் செறிந்த நீர்மமாகச் சொட்டும். அதுவே சாராயம். அதனை வடிக்கும் ஆலைக்கு இலங்கைத் தமிழில் 'வடிசாலை' என்று பெயர். ஆறு பங்கு மதுசாரமுள்ள கள்ளிலிருந்து நாற்பது பங்கு மதுசாரமுள்ள சாராயம் பெற வேண்டுமானால், ஒரு போத்தல் சாராயத்துக்கு ஏறத்தாழ ஏழு போத்தல் கள் வேண்டும் என்பது எளிய கணக்கு. எனவே பெருந்தோப்பும், பல சீவல் தொழிலாளரும், விறகும், செப்புப் பாத்திரமும், இருப்பு வைக்கும் முதலும் உடையவரே வடிசாலை நடத்த முடிந்தது. வடித்த சாராயம் சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சாவண்டலை என்றும் வழங்கும் மரத்தாலான மிடாக்களில் நிரப்பப்பட்டது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து சென்னைக்குப் பெருமளவில் ஏற்றுமதியானதால் 'திருகோணமலை மரம்' என்றும் பெயர் பெற்ற அம்மரம், சாராயத்தின் காரத்தைத் தணித்து இளம்பொன்னிறம் ஏற்றியது. திராட்சை மது மிடாவில் பெறும் பக்குவத்தைத் தென்னஞ்சாறு வடிசாலையைக் கடந்த பிறகே பெற்றது. அந்தக் கட்டத்தில் அது சீவல் தொழிலாளியின் கையை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

அரசின் கையும் அந்தக் கட்டத்திலேயே நீண்டது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1660களிலும் 1670களிலும் கற்பிட்டியில் கோட்டை கட்டியிருந்தபோதிலும், புத்தளத் துறைமுகம் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை கண்டி அரசனுக்கு உரியதாகவே இருந்தது. அந்த உடன்படிக்கைக்குப் பின் இத்தீவின் கரை முழுவதும் கம்பனியின் ஆட்சிக்குள் வந்தது. கள்ளையும் சாராயத்தையும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருவாய் பெறும் முறையை ஒல்லாந்தர் கையாண்டனர். 1795, 1796ஆம் ஆண்டுகளில் கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர் அம்முறையைத் தொடர்ந்து, மேலும் விரிவாக்கினர். 1817இல் வெளிவந்த, இலங்கையின் வேளாண்மை, வணிகம், நிதி ஆகியவை பற்றிய அந்தோனி பெர்தொலாச்சியின் நூல், தென்னையையும் சாராயத்தையும் தீவின் முக்கிய வருவாய்ப் பொருள்களாக ஆராய்கிறது. படைவீரருக்குப் பங்கீடாகவும், இந்தியத் துறைமுகங்களுக்கு ஏற்றுமதிப் பொருளாகவும் சாராயம் போயிற்று. புத்தளத்து உப்பு அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்ததைப் போலவே, சாராயமும் அரசின் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்தது.

குத்தகை முறை நடந்த விதம் இதுவாகும்: ஒரு மாவட்டத்தில் ஓராண்டு காலத்துக்குச் சாராயம் விற்கும் தனியுரிமை, அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் ஏலம் விடப்படும்; மிகுந்த தொகை கேட்டவர் பிணை கட்டி உரிமையைப் பெற்று, அதனைத் துண்டு துண்டாக உட்குத்தகைக்கு விடுவார்; உட்குத்தகைக்காரர் தவறணைகளை நடத்துவர். தவறணை என்பது உரிமம் பெற்ற கள் அல்லது சாராயக் கடைக்கு இலங்கைத் தமிழில் வழங்கும் பெயர். 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வணிகத்தை நெடுங்காலம் நெறிப்படுத்தியது. 1830களுக்குப் பின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகி, தமிழகத்திலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தபோது, கண்டி மாகாணங்களின் குத்தகை பெருஞ்செல்வம் தரும் வழியாயிற்று. தென்மேற்குக் கரையில் வடிக்கப்பட்ட சாராயம் மாட்டுவண்டிகளில் மலையேற, தோட்டத் தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி தவறணை வழியாகக் குத்தகைக்காரருக்கும், அவர் வழியாக அரசுக்கும் திரும்பிச் சென்றது.

இவ்வழியில் எழுந்த செல்வத்தையும் சமூக உயர்வையும் மைக்கேல் ரொபர்ட்ஸ், குமாரி ஜயவர்தன ஆகிய வரலாற்றாய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மொரட்டுவையைச் சேர்ந்த சொய்சா குடும்பம் இதற்குச் சிறந்த சான்று. ஜெரோனிஸ் சொய்சா சாராயக் குத்தகை உள்ளிட்ட முயற்சிகளில் திரட்டிய பொருளைக் கோப்பித் தோட்டங்களில் இட்டார். அவர் மகன் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா 1870இல் பிரித்தானிய இளவரசர் அல்பிரட்டுக்குக் கொழும்பில் விருந்தளிக்கும் நிலையை அடைந்து, 1876இல் மொரட்டுவையில் வேல்ஸ் இளவரசர் கல்லூரியையும், 1879இல் கொழும்பில் மகப்பேற்று மருத்துவமனையையும் நிறுவினார். தென்னஞ்சாற்றின் வரலாற்றில் பெயர் பெற்ற குடும்பங்கள் இவ்வாறு தோன்றின. ஆனால் அவை பாளை சீவிய குடும்பங்களாக இருக்கவில்லை. சிங்களச் சமூகத்தில் துராவ சாதியினருக்கும், யாழ்ப்பாணத்தில் நளவருக்கும், தமிழகத்திலும் கேரளத்திலும் நாடார், ஈழவருக்கும் மரபுத்தொழிலாக விதிக்கப்பட்ட சீவல், தலைமுறை தலைமுறையாகக் கைமாறியபோதிலும், அத்தலைமுறைகளின் பெயரை எந்தப் போத்தலும் தாங்கவில்லை. மேற்கே திராட்சைத் தோட்டக் குடும்பத்துக்குப் பெருமை தந்த பரம்பரைத் தொடர்ச்சி, இங்கே சாதியின் அடையாளமாகவும் இழிவின் காரணமாகவும் ஆக்கப்பட்டது.

முந்தல் பக்கத்தில் இந்த வரலாறு வேறொரு திசையிலும் சென்றது. சீவிய பாளை காய்க்காது. எனவே தோப்பு உடையவர் ஒவ்வொரு மரத்தையும் சாற்றுக்கு விடுவதா, காய்க்கு விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. வடிசாலைகள் மிகுந்த களுத்துறை, பாணந்துறைப் பகுதிகளில் சாறு வென்றது. வடமேற்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காடழித்துப் பெருந்தோட்டங்கள் உருவானபோது, ஐரோப்பாவில் சவர்க்காரத்துக்கும் பின்னர் மாஜரீனுக்கும் தேவைப்பட்ட தேங்காயெண்ணெயின் விலை காரணமாகக் கொப்பறாவே இலாபமாகத் தோன்றிற்று. நூற்றாண்டின் இறுதியில் உலர்த்திய துருவல் தேங்காய்த் தொழிற்சாலைகளும் சேர்ந்துகொண்டன. கொப்பறாவும் கெடாத பொருள். ஒல்லாந்தர் கால்வாயின் படகிலும், சிலாபத்துக்கு 1916இலும் புத்தளத்துக்கு 1926இலும் எட்டிய புகையிரதத்திலும் அதனை ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பலாம். இதனால் இப்பக்கத்தில் கள் பெருந்தொழிலாக வளராமல், உள்ளூர்த் தவறணைக்கும் சமையலறைக்கும் போதுமான அளவில் நின்றது. தெற்கே மாரவில, நாத்தாண்டிய, வென்னப்புவ பகுதிகளில் மட்டும் சீவல் பரவலாக ஊன்றியது. அதே வட்டாரத்து லுணுவிலவில், 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கப்பட்ட தென்னை ஆராய்ச்சித் திட்டம், பின்னாளில் தென்னை ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது.

குத்தகை முறைக்கு எதிர்ப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுத்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமும், 1913இல் இயங்கத் தொடங்கிய மதுவரித் திணைக்களமும், கள் விற்பனையைச் சாராய விற்பனையிலிருந்து பிரித்துத் தனித்தனித் தவறணைகளுக்கு உரிமம் வழங்க முற்பட்டன. ஊர்தோறும் கள்ளுத்தவறணை திறக்கப்போகிறது என்ற அச்சத்தால் எழுந்த மதுவிலக்கு இயக்கம், எப்.ஆர். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலியோரின் தலைமையில், இலங்கைத் தேசிய அரசியலின் தொடக்கப் பயிற்சிக்களமாக அமைந்தது. அவ்வியக்கத்தில் முன்னின்றோருள் சிலர் சாராயக் குத்தகையில் பொருள் ஈட்டிய குடும்பங்களின் வழியினராகவும் இருந்தனர் என்பது அக்காலச் சமூக மாற்றத்தின் விரைவைக் காட்டுகிறது. சீவல் தொழிலாளியின் நோக்கில் புதிய சட்டத்தின் விளைவு வேறு: எந்த மரத்தைச் சீவலாம், எந்தத் தவறணைக்குக் கள்ளைக் கொடுக்கலாம் என்பனவற்றுக்கு அனுமதி வேண்டியிருந்தது, சொந்தக் காணியில் நிற்கும் மரத்துச் சாறும் அனுமதியின்றிப் புளித்தால் குற்றமாயிற்று. ஒரு நாளில் கெடும் சரக்கை உரிமம் பெற்ற ஒரே வாங்குநரிடம் கொடுக்க வேண்டியவருக்கு விலை பேசும் வலு இருக்கவில்லை. திராட்சை மதுக்காரர் விலை குறைந்த ஆண்டில் மிடாவை மூடிவைத்துக் காத்திருக்க முடியும். கள் இறக்கியவருக்கு மாலை வரையே அவகாசம்.

இந்தப் பலவீனத்தைக் கூட்டுறவால் ஈடுசெய்யும் முயற்சி 1970களில் வடக்கில் உருவானது. யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள் கொள்வனவையும் தவறணைகளையும் ஏற்று நடத்தின. சூடு காட்டிப் புளிப்பை நிறுத்திய கள்ளைப் போத்தலில் அடைத்து விற்றன. எஞ்சியதை வடிக்க வடமராட்சியில் திக்கம் வடிசாலை அமைந்தது. 1866இல் பாஸ்டர் விளக்கிய சூடு காட்டும் முறை ஒரு நூற்றாண்டுக்குப் பின் கள்ளையும் சில மாதங்கள் நிலைக்கச் செய்து, அதனால் சீவல் தொழிலாளரின் சங்கத்துக்குப் போத்தலின்மேல் ஒரு பெயரைத் தந்தது. தெற்கில் அதே பத்தாண்டில் சாராயம் எதிர்த்திசையில் சென்றது: 1924இல் தொடங்கிய ரொக்லண்ட் போன்ற குடும்ப நிறுவனங்கள் ஒருபுறம் தொடர, 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, 1992இல் அது தனியார் கைக்கு மாறியது. கரும்புக் கழிவுப் பாகிலிருந்து வடிக்கும் மலிவான மதுசாரத்தைக் கலந்த சாராய வகைகள் சந்தையை நிறைத்ததால், தூய தென்னஞ்சாராயம் விலை உயர்ந்த தனிவகையாக ஒதுங்கியது.

அண்டை நிலங்களின் அனுபவம் இதனோடு ஒப்பிடத்தக்கது. சேலம் மாவட்டத்தில் 1937இல் மதுவிலக்கைத் தொடங்கிய தமிழகத்தில், பல மாற்றங்களுக்குப் பின், 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆலையில் ஆக்கும் மதுவகைகளோ அரசு நிறுவனமான டாஸ்மாக் வழியே விற்கப்படுகின்றன. கேரளம் 1996இல் சாராயத்தைத் தடைசெய்து கள்ளை விட்டுவைத்தது. கோவாவில் முந்திரிப் பழச்சாற்றில் வடிக்கும் பெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பொருளின் பெயரை அது தோன்றிய இடத்துக்கு மட்டுமே உரியதாக்கும் இந்தச் சட்டப் பாதுகாப்பு, ஐரோப்பாவில் திராட்சை மதுக்களுக்காகவே முதலில் விரிவாக வளர்ந்த முறையாகும். இவற்றுள் எது நிலைத்தது, எது மறைந்தது என்பதைச் சுவையோ தரமோ முடிவுசெய்யவில்லை. எண்ணி, அடைத்து, முத்திரையிட்டு வரி வாங்க எளிதான பொருளையே எல்லா அரசுகளும் விரும்பின. நாளுக்கு நாள், மரத்துக்கு மரம் மாறும் கள் அந்தக் கணக்கில் அடங்க மறுத்தது.

முந்தல் கரையில் 1980களுக்குப் பின் கடலேரியையும் கால்வாயையும் சூழ்ந்து இறால் பண்ணைகள் பெருகின; தோப்புகளும் சதுப்பு நிலங்களும் குறைந்தன; மரமேறும் தொழிலை ஏற்க இளையோர் முன்வருவதும் அருகிவிட்டது. சாதி இழிவும் விழுந்து உயிரிழக்கும் அச்சமும் குறைந்த வருவாயும் சேர்ந்த தொழிலை அவர்கள் விட்டுவிலகுவதை இழப்பாக மட்டும் கருதுவது பொருந்தாது. தங்களுக்கு மறுக்கப்பட்ட தெரிவை அவர்கள் இப்போது பெற்றுள்ளனர் என்பதும் அதில் அடங்கும். ஆயினும் பாளையைத் தட்டும் அளவும், சீவலின் கனமும், சுண்ணாம்பின் பதமும் எழுத்தில் இல்லாத அறிவாகையால், கையோடு சேர்ந்தே அழியக்கூடியவை. சூடு காட்டிய போத்தற் கள், தென்னை வினாகிரி, பாணி ஆகியவை இன்று கெடாத வடிவில் தொலைவுச் சந்தைகளை எட்டுகின்றன. திராட்சை மதுவுக்குக் குடும்பப் பெயரைத் தந்த நிலைபேறு தென்னஞ்சாற்றுக்கும் இப்போது கைகூடியுள்ளது. அந்தப் போத்தலின்மேல் வடிசாலை உரிமையாளரின் பெயருக்குப் பதிலாகச் சீவியவரின் ஊரும் சங்கமும் இடம்பெறுமா என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிக்காது; உரிமம் வழங்கும் சட்டமும், கொள்வனவு விலையை யார் குறிக்கிறார் என்பதுமே தீர்மானிக்கும்.